இரண்டாவது சாட்சியின் விலாசம்

குருவிமலைத் தோட்டத்து மேல்பிரிவில் கொழுந்து மலைக்கு ஏறுவது ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்த வரிசையில் ஜீவராணி எப்போதும் கடைசி. பாதி வழியில் யாராவது வெற்றிலை மடிக்கவோ காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடவோ நின்று பின்தங்கினால், அவளும் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நின்றுவிடுவாள். அந்த ஆள் கடந்து போன பிறகுதான் மறுபடி பாதையில் கால் வைப்பாள். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அப்படியே. மழை சாத்தினாலும் சரி, எல்லோரும் நிறுத்து முடித்துச் சாக்கை உதறும்வரை ஓரமாக நின்றுவிட்டுக் கடைசியாகத்தான் வருவாள்.

"வன்னிக்காரி வந்துட்டா. அப்ப வரிசை முடிஞ்சிருச்சு, லாரிய எடுக்கச் சொல்லுங்க" என்பாள் மீனம்மா. பன்னிரண்டு வருஷமாக அதே கேலி. ஜீவராணியும் பன்னிரண்டு வருஷமாக அதற்கு ஒரே மாதிரி சிரித்தாள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஜீவராணிக்குப் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவள் கிருஷாந்தி. ஜீவராணி ஒரு கையில் பையும் மறு கையில் ஒரு பெண்பிள்ளையுமாக லயத்துக்கு வந்து சேர்ந்தபோது கிருஷாந்திக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்தக் கடைசி ஆளைத் தினமும் பார்ப்பாள். ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"ஏன் அத்தே எப்பவும் கடைசியாவே போறீங்க?"

"முன்னால போனா மீனம்மா பேச்சு முழுக்க என் முதுகுல விழும். பின்னால போனா காத்தோட போயிரும்."

அன்றைக்குக் கிருஷாந்தி சிரித்துவிட்டுப் போனாள். பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தாள். படித்ததில் அந்தப் பழக்கத்துக்கு வேறொரு காரணம், முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிற பயம், அகப்பட்டது. ஒருத்தியின் நடையைப் பார்த்தே அவள் வாழ்க்கையைச் சொல்லிவிட முடியும் என்று நினைக்க வைக்கிற படிப்பு அது. எந்தக் காரணம் சரி என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஜீவராணி பிறந்தது இதே தோட்டத்தில்தான். எழுபத்தேழாம் வருஷத்துக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். அப்பனும் ஆத்தாளும் மூன்று மாதக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, கச்சான் கடலை போட்டுப் பிழைத்தார்கள். ஜீவராணி அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒரு டிராக்டர் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போன புருஷன் ஷெல் விழுந்து செத்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து, முள்கம்பிக்குள் இருந்த முகாமில் வந்து விழுந்தாள். இரண்டு வருஷம் கழித்து, குருவிமலையில் தாய்மாமன் செல்லசாமியின் காம்பராவில் ஒரு மூலை கிடைத்தது. அவர் இறந்த பிறகு காம்பராவே அவளுடையதாயிற்று. தோட்டத்தில் அன்றன்று கூலி வாங்கும் கைக்காசு ஆளாகச் சேர்ந்து கொழுந்தெடுக்கத் தொடங்கினாள். மகளுக்கு வன்னியில் வைத்த பெயர் யாழிசை. லயத்துக்காரர்களின் வாயில் அது நுழையாமல் "யாலு" ஆயிற்று.

முப்பத்திரண்டு வருஷம் வன்னியில் இருந்தவள் மலைப்பேச்சுதான் பேசினாள். எப்போதாவது வன்னி வழக்கில் "ஓம்" என்று வந்துவிடும். உடனே "ஆமா" என்று திருத்திக்கொள்வாள்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்த கிருஷாந்திக்கு, கொழும்பிலிருந்து ஒரு ஆய்வுக் குழுவில் கள உதவியாளர் வேலை வந்தது. யுத்தத்தில் பெண்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறைக்கு இந்த நாட்டின் சட்டங்களும் கொள்கைகளும் என்ன பதில் தந்திருக்கின்றன என்று மதிப்பிடுவது அந்த ஆய்வு. வன்னியிலிருந்து மலையகத்துக்குத் திரும்பி வந்த பெண்களைக் கண்டு பேசுவது அவள் பங்கு. பதினாறு பக்க வினாக்கொத்து. முதலில் யாரைக் கேட்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள்.

யாழிசை வகுப்புக்குப் போயிருந்த சனிக்கிழமை காலையில் கிருஷாந்தி போய் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"இது உங்களப் பத்தி இல்லத்தே. பொதுவாத்தான் கேக்குறாங்க."

"பொதுவா கேக்குறதுக்கு எதுக்குப் புள்ள கதவச் சாத்துன?"

சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் பற்றி அறிவீர்களா. இழப்பீடு தரும் அலுவலகம் பற்றி அறிவீர்களா. முறைப்பாடு செய்யும் இடம் பற்றி அறிவீர்களா. எல்லாவற்றுக்கும் ஜீவராணி "தெரியாது" என்றாள். ஐந்தாம் பக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தன சட்டம் இருக்கா நாட்டுல. ஒண்ணுகூட நம்ம பக்கம் பஸ் ஏறலயே."

கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. கிருஷாந்தி அதைச் சும்மா வாசித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனாள். ஜீவராணி விறகை உள்ளே தள்ளிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஜெயந்தினின்னு ஒரு பொண்ணு. அவளுக்கு நான் ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் சொன்னது கொஞ்சந்தான். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் ஜெயந்தினி. வயது இருபத்திரண்டு. ஒருநாள் விசாரணை என்று சொல்லி இருவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் விடிகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். நடுவில் நடந்ததை ஜீவராணி சொல்லவில்லை. கிருஷாந்தி கேட்கவும் இல்லை. வினாக்கொத்தில் அதற்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டாள்.

சில மாதம் கழித்து ஜெயந்தினி முறைப்பாடு செய்யப் போனாள். போவதற்கு முன் இரவு ஜீவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பேரைச் சொல்லிவிடாதே, எனக்கு இந்தப் பிள்ளையை விட்டால் வேறு ஆள் இல்லை என்றாள். ஜெயந்தினி ஒத்துக்கொண்டாள். கூட யார் இருந்தது என்று எத்தனை பேர் கேட்டும் சொல்லவில்லை. ஆனால் அவளும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருநாள் வழக்கு கோட்டுக்கு வரும், சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு நீ வரவேண்டும் என்றாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலையில் கைவைத்து ஜீவராணி சத்தியம் செய்தாள்.

"பதிமூணு வருஷமா அவ என் பேரச் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு எப்பவோ ஆள் வந்திருக்கும்ல. இன்னும் பொத்தி வச்சிருக்கா. அவ உசிரோட இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லு புள்ள."

கிருஷாந்திக்கு அது வெறும் ஆளைத் தேடுகிற வேலையாகப் படவில்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து அவளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. பெண்களின் துயரத்தை ஆம், இல்லை, ஓரளவு என்று கட்டங்களுக்குள் அடைத்து அனுப்புவதற்கா இத்தனை வருஷம் படித்தோம் என்று. இப்போது ஒருத்திக்கு நிஜமாகவே ஏதாவது செய்து கொடுக்க முடியும் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் ஜீவராணிக்கு எவ்வளவு பங்கு, தனக்கு எவ்வளவு பங்கு என்று பிறகு அவள் பலமுறை யோசித்ததுண்டு.

வடக்கில் இருந்த ஆய்வு ஆட்கள் மூலம் ஒன்பது நாளில் நம்பர் கிடைத்தது. ஜெயந்தினி உயிரோடு இருந்தாள். வழக்கும் இருந்தது. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லிச் சிங்களப் பகுதி நீதிமன்றம் ஒன்றுக்கு அதை மாற்றியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் பிணையில் வெளியே இருந்தார்கள். ஒரு சாட்சி வெளிநாடு போய்விட்டான். ஜெயந்தினி வழக்குத் தவணைக்குத் தவணை ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு உதவி செய்த சட்டத்தரணி அம்மா கிருஷாந்தியிடம் போனில் சொன்னார்: "பாதிக்கப்பட்டவளின் வாக்குமூலம் ஒன்றே போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கோட்டுக்குள் நின்று பார்த்தால் இன்னொரு வாய் இல்லாமல் இந்த வழக்கு நிற்காது, பிள்ளை."

லயத்தில் சிக்னல் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறினால்தான் பேசலாம். அங்கே நின்று கிருஷாந்தி நம்பரை அழுத்திப் போனை ஜீவராணியின் கையில் கொடுத்தாள். எதிர்ப்பக்கக் குரலும் வெளியே கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"ஜெயந்தினி, நான்தான். ஜீவா அக்கா."

கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, பிள்ளை எவ்வளவு உசரம்?"

"என்னை விட உசரமடி. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள்."

"நான் இப்பவும் அவளை உங்கட இடுப்பில வச்சுத்தான் நினைக்கிறன்."

கிருஷாந்தி இரண்டடி தள்ளி நின்றாள். அவள் இதுவரை கேட்டிராத ஒரு ஜீவராணி பேசிக்கொண்டிருந்தாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. ஓம் என்றதை யாருக்காகவும் திருத்தவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றி ஜெயந்தினி ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீங்கள் வருவியளோ அக்கா?"

"வாறன். சொன்னனான்தானே. ஆனா இஞ்ச ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. பிள்ளைக்கும் தெரியாது."

"ஓம். அது எனக்கு விளங்கும்."

ஒருத்தருக்கும் தெரியாமல் செய்ய வழி இருக்கிறது என்று கிருஷாந்தி அடித்துச் சொன்னாள். சாட்சிகளைப் பாதுகாக்கும் அந்தச் சட்டத்தை அவள் தமிழில் இரண்டு தடவை வாசித்திருந்தாள். சாட்சியின் பெயரும் இருப்பிடமும் இரகசியம். எதிரிகளின் முகம் பார்க்காமல், தூரத்தில் ஒரு அறையில் இருந்து காணொளி வழியாகச் சொல்லலாம். தேவைப்பட்டால் பாதுகாப்புக் கேட்கலாம். அவள் சொல்லச் சொல்ல ஜீவராணி தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

சட்டத்தரணி அம்மா ஒரு படிவம் அனுப்பினார். அழைப்பாணை அனுப்புவதற்கு விலாசம் வேண்டும். அந்த இடம் வந்ததும் ஜீவராணி சொன்னாள்: "இக்ராம் நானா கடையப் போட்டுரு."

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற இக்ராம் நானாவின் விலாசத்தைத்தான் லயத்தில் பாதிப்பேர் கொடுப்பார்கள். லயத்துக்கு என்று தனித் தபால் இல்லை. தோட்டத்துக்கு வருகிற எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும். தோட்டத்துத் தபால்காரர் டவுன் தபாலாபீசில் எல்லோருக்குமாகக் கையெழுத்துப் போட்டு எடுத்து வருவார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளை ஜெயகாந்தன் கடிதங்களையும் கூப்பிட்டுக் கொடுப்பார். சிங்களக் கடிதமாக இருந்தால் அவரே உடைத்து வாசித்து, என்ன விஷயம் என்று தமிழில் சொல்லுவார். யாரும் கேட்காமலே செய்கிற உதவி அது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கிளினிக் தேதி, எல்லாம் அப்படித்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. அரபு நாட்டிலிருந்து வருகிற கடிதத்துக்கும் குடும்பத்து இரகசியத்துக்கும் மட்டும் இக்ராம் நானாவின் கடை. அவர் உடைக்க மாட்டார். கல்லாவுக்குக் கீழே போட்டு வைத்து, ஆள் வரும்போது எடுத்து நீட்டுவார்.

கிருஷாந்திக்கு அதில் ஒரு ரோஷம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாள் அந்தக் கடை விலாசத்தை எழுதும்போது பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "இது கடையா, வீடா?" என்று கேட்டிருந்தாள். இருநூறு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிற ஜனத்துக்கு ஒரு விலாசம் கூட இல்லை என்று பிறகு அவள் கட்டுரையே எழுதினாள்.

"நீங்க என்ன அகதியா அத்தே, கடை விலாசம் குடுக்க? உங்களுக்குன்னு வீடு இருக்கு. கோட்டுக் கடிதம். பதிவுத் தபால்ல வரும். ஆள் கையிலதான் குடுக்கணும். மேல இரகசியம்னு போட்டு வரும்."

"ஆபீசுக்குப் போகுமே புள்ள."

"போகட்டும். உடைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

ஜீவராணி படிவத்தை அவள் பக்கம் தள்ளினாள். படித்த பிள்ளை சொல்லுகிறது. கிருஷாந்தி தன் குண்டு எழுத்தில் எழுதினாள்: இலக்கம் 7, நாலாம் லயம், மேல்பிரிவு, குருவிமலைத் தோட்டம். எழுதி முடித்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. வேறு இரண்டு பெண்களிடம் வினாக்கொத்துக்கு நேரம் கேட்பதற்காகக் கிருஷாந்தியும் அன்றைக்குப் பெரட்டுக்குப் போயிருந்தாள். பனி இன்னும் கலையவில்லை. ஜெயகாந்தன் வேலைப் பேர்களைக் கூப்பிட்டு முடித்து, கடிதக் கட்டைப் பிரித்தார். மூன்றாவது உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"ஜீவராணி. உனக்குச் சிங்களத்துல வந்திருக்கு. இரு, பாப்போம்."

கிருஷாந்தி கூட்டத்தின் இந்த ஓரத்தில் நின்றாள். உறையின் மேல் இரகசியம் என்று எதுவும் போட்டிருக்கவில்லை. பழுப்பு நிறத்தில், கிளினிக் கடிதம் மாதிரி இருந்தது. சத்தம் போடலாம் என்று நினைத்தாள். சத்தம் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நினைத்தாள். அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் உறை கிழிந்துவிட்டது.

"கோட்டுல இருந்து வந்திருக்கும்மா. நீ சாட்சிக்காரியாம். அடுத்த மாசம் பதினாலாந் தேதி காலையில ஒம்போது மணிக்கு ஆஜராகணும். வழக்கு என்னன்னா..."

அவர் கண் அடுத்த வரிக்குப் போனது. உதடு அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. கடிதத்தை நாலாக மடித்தார்.

"மிச்சத்த ஆபீசுக்கு வந்து கேட்டுக்க."

 அவர் எந்தக் கடிதத்தையும் பாதியில் நிறுத்தினதில்லை. செத்த செய்தியைக் கூட முழுதாக வாசித்தவர்.

"என்ன வழக்கு அய்யா?" என்று யாரோ கேட்டார்கள்.

"காணி வழக்கு."

"அவளுக்கு ஏதுய்யா காணி?" என்றாள் மீனம்மா. வழக்கம்போலத்தான் கேட்டாள்.

ஜீவராணி கடைசி வரிசையில் நின்றதால் கடிதம் கைமாறிக் கைமாறித்தான் அவளிடம் போகவேண்டியிருந்தது. இருபது கையாவது இருக்கும். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவர்கள். ஜீவராணி அதை வாங்கி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் எடுத்த கொழுந்து ஒரு கிலோ கூடக் குறையவில்லை.

மத்தியானத்துக்குள் மேல்பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் கீழ்ப்பிரிவுக்கும் போயிற்று. யாரும் அவளை நேரே எதுவும் கேட்கவில்லை. மீனம்மா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது, குடத்தை முந்தி வைக்கச் சொல்லி வழி விட்டார்கள். அந்த மரியாதையைத்தான் ஜீவராணியால் தாங்க முடியவில்லை என்று கிருஷாந்தியின் அம்மா ராசம்மா சொன்னாள். "முந்தி மாதிரி ரெண்டு வார்த்த வைஞ்சாங்கன்னா கூட அவளுக்குத் தேவல."

ஜெயகாந்தன் அன்று மாலை வந்தார். ஜீவராணியின் வாசலுக்குப் போகத் துணியாமல் ராசம்மாவின் வாசலில் நின்றார். ஐம்பது வயது மனுஷர், தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் நல்லதுக்குத்தானே வாசிச்சேன் கிருஷாந்தி. உன் கேம்பஸ் கடிதாசியையும் நான்தானே வாசிச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்களே."

"ஆமாங்க சார்."

"நீயாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா, இப்பிடி ஒண்ணு வருதுன்னு? கண்ண மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேனே."

 சட்டத்தில் இருந்த பிரிவுகளெல்லாம் கிருஷாந்திக்கு மனப்பாடம். அவை போய்ச் சேருவதற்கு ஜெயகாந்தனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அல்லது, கடை விலாசமே போதும் என்று அவளை விட அதிகம் தெரிந்திருந்தவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

யாழிசைக்கு வகுப்பில் யாரோ இந்தச் செய்தியைப் போனில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பேசினாள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவில் கேட்கும்.

"அந்த வாகனத்துல ரெண்டு பேரும் போனீங்களா? இல்ல, நீ பாத்தது மட்டுந்தானா?"

 ஜீவராணி சட்டியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"என் தலையில கை வச்சுத்தானே சத்தியம் பண்ணுனியாம். உன் பையில இருந்த அந்த அக்கா நம்பருக்கு நான் எடுத்துப் பேசுனேன்."

"ஆமா."

"என் தலைதானேம்மா. நான் வேணாங்கிறேன். அந்தச் சத்தியத்த நான் எடுத்துட்டேன். நீ போகாத. நீ போனா அங்க உன்னைய ஒவ்வொண்ணாக் கேப்பாங்க. நீ சொல்லணும். என்னால முடியாது."

இந்தப் பக்கம் ராசம்மா எழுந்து போய் ரேடியோவைப் போட்டாள். ஜீவராணி அதற்கு என்ன சொன்னாள் என்பது கிருஷாந்திக்குக் கேட்காமலே போயிற்று.

மறுநாள் அவள் போய் ஜீவராணியின் முன்னால் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வாயில் வந்தது வேறு.

"எல்லாருக்குந்தான் தெரிஞ்சிருச்சே அத்தே. இனிமே போறதுல..."

சொல்லி முடிக்குமுன்பே அவளுக்குக் கூசிப்போயிற்று. ஜீவராணி கோபப்படவில்லை.

"அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரு கடுதாசி, புள்ள. அங்க போய் நான் சொன்னா, எனக்கும் தெரிஞ்சிரும்." அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவிட்டு, "நான் கடை விலாசந்தான் சொன்னேன்" என்றாள். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அவள் கிருஷாந்தியைக் குறைசொன்னது அந்த ஒரு தடவைதான்.

பதினாலாந் தேதி ஜீவராணி மலைக்குப் போனாள். கிருஷாந்தி பாறையில் போனோடு நின்றாள். ஒன்பதரைக்குச் சட்டத்தரணி அம்மா எடுத்தார். ஜெயந்தினி முதல் நாளே வந்து ஒரு மடத்தில் தங்கிக் காத்திருந்ததாகவும், நீதிபதி விடுமுறை என்பதால் வழக்கு எப்படியும் தள்ளிப்போயிற்று என்றும், நல்லவேளை என்றும் சொன்னார். அடுத்த தவணைக்கு ஜீவராணி காய்ச்சல் என்றாள். அதற்கடுத்ததற்கு "வாறன்னு சொல்லு" என்றாள். அன்றைக்கும் வரவில்லை.

யாழிசையின் பரீட்சை முடிந்த வாரம் தாயும் மகளும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் சமையல் வேலை என்று ராசம்மாவிடம் மட்டும் ஜீவராணி சொல்லியிருந்தாள். ஒன்றரை மாதம் கழித்து இக்ராம் நானா கிருஷாந்தியைக் கடைக்குக் கூப்பிட்டு, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஜீவராணி போன் பண்ணி, நம்பரைக் கிருஷாந்தியிடம் மட்டும் கொடுக்கச் சொன்னாளாம். எதற்கு என்று சொல்லவில்லையாம்.

"மகள், ஏதும் அவசரம்னா எடுக்கட்டும்னு சொன்னா. அவசரம் இல்லாட்டி எடுக்க வேணாமாம்."

ஆய்வு அறிக்கை மார்கழியில் வந்தது. நூற்று நாற்பது பக்கம். தமிழ்ப் பிரதியைச் சரிபார்க்கும் வேலை கிருஷாந்திக்கு வந்தது. எண்பத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: சில சந்தர்ப்பங்களில் சாட்சிகளுக்கான அழைப்பாணைகள் உரிய இரகசியத்தன்மையுடன் சேர்ப்பிக்கப்படவில்லை எனத் தெரியவருகிறது. யார் சேர்ப்பித்தது, யார் விலாசம் எழுதியது என்று அந்த வாக்கியத்தில் யாருமே இல்லை. அவள் அதன் கீழே இன்னொரு வாக்கியம் சேர்த்தாள்: அவற்றுள் ஒன்றின் விலாசத்தை, சாட்சியின் விருப்பத்துக்கு மாறாக, இந்த ஆய்வின் கள உதவியாளரே எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதை அடித்துவிட்டார். தனிப்பட்ட விஷயம், மதிப்பீட்டுக்குப் பொருந்தாது என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். கிருஷாந்தி வாதாடவில்லை. அடித்தது ஒருவகையில் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் அவளுக்குத் தூக்கம் கெடுகிறது.

ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வாரம் முன்னால் ஜெயந்தினி போன் எடுப்பாள். சுகம் கேட்பாள். யாழிசையின் பரீட்சை முடிவு கேட்பாள். நேரே கேட்கவேண்டியதைக் கடைசியில்தான் கேட்பாள். போன மாசி மாதம் அவள் எடுத்தபோது புதிதாக ஒன்று சொன்னாள். மூன்று தவணை வராத சாட்சிக்குப் பிடியாணை கேட்கலாம் என்று கோட்டில் பேச்சு வந்ததாம். சம்மதமா என்று அவளிடம் கேட்டார்களாம்.

"நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன் தங்கச்சி. பொலிஸ் பிடிச்சுக்கொண்டு வந்து நிப்பாட்டினா அதுக்குப் பேர் சாட்சி இல்ல. அக்கா எனக்குச் சொன்னவ. அவ தானா வரோணும்."

"வராமலே போயிட்டா அக்கா?"

"அது அவவுக்கும் எனக்கும் உள்ள கதை." பிறகு, "உங்களிட்ட அவவின்ர நம்பர் இருக்கோ?" என்று கேட்டாள்.

கிருஷாந்தி அந்தத் துண்டுக் காகிதத்தைப் பர்சில் வைத்திருந்தாள். இருக்கு என்றால் அடுத்த நிமிஷம் ஜீவராணியின் சமையலறையில் அந்த மணி அடிக்கும். இல்லை என்றால் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகிறவளுக்குப் பொய் சொன்னதாகும்.

"கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றாள்.

இன்னும் ஜீவராணியிடம் கேட்கவில்லை. அடுத்த தவணை ஆனி மாதம் ஒன்பதாந் தேதி. சாட்சிப் பட்டியலில் இரண்டாவது பெயர் இப்போதும் ஜீவராணிதான். அதற்கு நேரே ஏழாம் இலக்கக் காம்பராவின் விலாசம் இருக்கிறது. கேட்டுச் சொல்லுகிறேன் என்று கிருஷாந்தி சொன்ன சொல்லும் ஜெயந்தினிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.